உபுண்டுவில் தமிழ்ப் பொதி அகப்படாதபோது

நல்லூர்த் திருவிழாவையொட்டி வந்த பழைய மலரொன்றை ஸ்கான் செய்து வைத்திருக்கிறீர்கள். படத்திலுள்ள எழுத்தைத் தட்டச்சிடாமலே பிரித்தெடுக்க ரெசரக்ட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதன் தமிழ்ப் பொதியை உபுண்டுவின் முனையத்தில் கேட்டால், ‘அன்ஏபிள் டு லொகேட் பேக்கேஜ்’ என்று பதில் வருகிறது. உடனே எங்கிருந்தோ ஒரு டெப் கோப்பை இறக்கி நிறுவப் பார்ப்பவர்கள் பலர். தயவுசெய்து வேண்டாம். அதை யார், எந்தப் பதிப்புக்காகச் செய்தார் என்று தெரியாது. பொருந்தாவிட்டால் ஏற்கெனவே உள்ள பொதிகளும் சிக்கிக்கொள்ளும்.

அந்தப் பதிலின் பொருள் இவ்வளவுதான்: உங்கள் கணினியிலுள்ள பட்டியலில் அந்தப் பெயர் இல்லை. நிறுவச் சொல்லும்போது கணினி, முன்பு இறக்கிவைத்த பட்டியலைத்தான் பார்க்கும். ஆகவே முதலில் ‘சுடோ ஆப்ட் அப்டேட்’ கொடுங்கள். (கட்டளைகளை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்.) இது பட்டியலை மட்டுமே புதுப்பிக்கும், மென்பொருள் எதையும் மாற்றாது.

அதன் பிறகும் கிடைக்கவில்லையென்றால் பெயரைச் சந்தேகியுங்கள். தமிழ் தேடுவோர் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். லிப்ரே ஆபிஸின் தமிழ் இடைமுகப் பொதி ‘ரி.ஏ.’ என்ற இரண்டெழுத்தில் முடியும். ரெசரக்ட் பொதியோ ‘ரி.ஏ.எம்.’ என்ற மூன்றெழுத்தில் முடியும். லோகித் எழுத்துருவின் பொதிக்கு ‘ரி.ஏ.எம்.எல்.’ என நான்கெழுத்து. முதலிரண்டும் மொழிக்குரிய குறியீடுகள், கடைசியானது எழுத்து வடிவத்துக்குரியது. ஊகித்துத் தட்டுவதைவிட, ‘ஆப்ட் சேர்ச்’ என்பதோடு மென்பொருளின் பெயரை மட்டும் கொடுத்து, வரும் வரிகளில் சரியான பெயரைப் பார்த்தெடுப்பது நல்லது.

பெயர் சரியாக இருந்தும் வரவில்லையா? உபுண்டுவின் களஞ்சியம் மெயின், ரெஸ்ட்ரிக்டெட், யுனிவர்ஸ், மல்டிவர்ஸ் என நான்கு பகுதிகளாக இருக்கிறது. ரெசரக்ட் இருப்பது யுனிவர்ஸில். ‘சொப்ட்வெயார் அன்ட் அப்டேட்ஸ்’ சாளரத்தில் அந்தப் பகுதிக்குச் சரி அடையாளம் இட்டு, மறுபடி பட்டியலைப் புதுப்பியுங்கள்.

புதுப்பிக்கும்போதே ‘404’ என்று வந்தால் கதை வேறு. பெரும்பாலும் உங்கள் பதிப்பின் காலம் முடிந்திருக்கும். இடைக்காலப் பதிப்புகளுக்கு ஒன்பது மாத ஆதரவுதான். பிறகு அவற்றின் பொதிகள் பழைய பதிப்புகளுக்கான தனிச் சேவையகத்துக்குப் போய்விடும். நீண்டகால ஆதரவுப் பதிப்புக்கு ஐந்து ஆண்டுகள்; 22.04 பதிப்புக்கு 2027 வரை. பழைய மடிக்கணினி வைத்திருப்பவர்கள் நீண்டகால ஆதரவுப் பதிப்புகளிலேயே நிற்பது நிம்மதி.

பொதி நிறுவப்பட்டும் கண்ணில் படாத நிலையும் உண்டு. நம்மவர் பலர் தட்டிப் பழகிய ரெங்கநாதன் விசைப்பலகைக்கு ‘ஐபஸ்-எம்17என்’ பொதி வேண்டும். நிறுவிய கையோடு அமைப்புகளில் தேடினால் அது தெரியாமல் இருக்கலாம். ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்நுழையுங்கள். பிறகு விசைப்பலகை அமைப்பில் உள்ளீட்டு மூலங்களைத் திறந்து, தமிழின் கீழ் ரெங்கநாதனைத் தெரிவுசெய்யலாம்.