குட்டியோடு அட்டையையும் கேட்டு வாங்குங்கள்

காஞ்சிபுரம் செவிலிமேட்டில் ஒரு வீட்டுக்குள் நாய்க்குட்டி வந்து சேர்வது பெரும்பாலும் எழுத்து ஏதும் இல்லாமல்தான். பிள்ளைகள் பாலாற்றுப் பக்கம் கண்டெடுத்துத் தூக்கி வருவார்கள். பக்கத்துத் தெருவில் குட்டி போட்டிருந்தால் "ஒண்ணு எடுத்துக்கோங்கக்கா" என்று கையில் கொடுப்பார்கள். அன்புக்குக் குறைவில்லை. ஆனால் தடுப்பூசி போட்டிருக்கிறதா, எத்தனை மாதக் குட்டி, யாரையாவது கடித்தால் யார் பொறுப்பு என்பதற்குப் பதில் இருக்காது. காப்பகத்திலிருந்து தத்தெடுத்தால் இவற்றை எழுத்தில் கேட்டு வாங்கலாம்.

நமக்கு எட்டுகிற தூரத்தில், சென்னை கிண்டியில் இருக்கிறது புளூ கிராஸ் விலங்கு காப்பகம். கேப்டன் வி. சுந்தரம் 1959-ல் தொடங்கியது. தெருநாய்களைப் பிடித்துக் கொல்வதே வழக்கமாக இருந்த காலத்தில், 1964-லேயே கருத்தடையும் தடுப்பூசியும்தான் வழி என்றார்கள். சென்னை மாநகராட்சி அதை ஏற்க 1996 ஆகிவிட்டது. 2001-ல் அதுவே நாடு முழுமைக்குமான விதியானது. 2023-ல் அந்த விதி புதுப்பிக்கப்பட்டது. வளர்ந்த நாட்டுநாயின் காதில் சிறு வெட்டு இருந்தால், கருத்தடை முடிந்தது என்பதற்கான அடையாளம் அது. அது நோயோ காயமோ அல்ல.

காப்பகத்தில் முதலில் தடுப்பூசி அட்டையைக் கேளுங்கள். ரேபிஸ் ஊசி மூன்று மாத வயதில் தொடங்கி, மருத்துவர் சொல்லும் கணக்கில் தொடர வேண்டும். அதற்கு முன்பே, ஆறு முதல் எட்டு வாரத்தில், பார்வோ, டிஸ்டெம்பர் நோய்களுக்கான ஊசி தொடங்கியிருக்க வேண்டும். பார்வோ வந்த குட்டி வாந்தியும் ரத்தப்பேதியுமாகச் சில நாட்களிலேயே இறந்துபோகலாம். வீட்டில் ஏற்கெனவே நாய் இருந்தால் புதுக்குட்டியை இரண்டு வாரம் தனியே வையுங்கள். காப்பகத்தார் அடையாளச் சான்று கேட்பார்கள், வீட்டில் எல்லோருக்கும் சம்மதமா என்பார்கள், சிலர் வீட்டையே வந்து பார்ப்பார்கள். மனம் கோணாதீர்கள். இப்படித் துருவித் துருவிக் கேட்கிற காப்பகத்தைத்தான் நம்பலாம்.

பூனைக்குட்டி வளர்க்கும் நெசவு வீட்டுக்கென்றே ஓர் அபாயம் உண்டு; பொதுவான அறிவுரைகளில் இது வருவதில்லை. தறியடியில் கிடக்கும் பட்டு நூலும் ஜரிகைத் துணுக்கும் பூனைக்குட்டிக்கு விளையாட்டுப் பொருள். விழுங்கிய நூலின் ஒரு முனை நாக்கின் அடியில் சிக்கிக்கொள்ளும், மறுமுனை குடலுக்குள் போகும். குடல் அந்த நூலின் மேல் சுருங்கிச் சுருங்கி, கடைசியில் அறுபட்டுப் போகும். பூனை ஓயாமல் வாந்தி எடுத்தாலோ, சாப்பாட்டைத் தொடாமல் மூலையில் ஒடுங்கினாலோ வாயைத் திறந்து பாருங்கள். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தெரிந்தால் இழுக்கவே கூடாது. அந்த இழுப்பே குடலைக் கிழித்துவிடும். அப்படியே கால்நடை மருத்துவரிடம் தூக்கிப் போங்கள். தறி வேலை முடிந்ததும் துண்டு நூலைக் கூட்டி மூடி போட்ட டப்பாவில் போடுவது சின்ன வேலைதான், உயிர் காக்கிற வேலை.

சட்டத்துக்கு வருவோம். வளர்த்த பிராணியைத் தெருவில் தவிக்க விடுவது 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கான அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய். இத்தனை ஆண்டுகளாக இதை உயர்த்தாமல் இருப்பது வெட்கக்கேடு. ஆனால் பிராணியைக் கொன்றாலோ ஊனமாக்கினாலோ பாரதிய நியாய சன்ஹிதா 325-ஆம் பிரிவின்படி ஐந்தாண்டு வரை சிறை. காவல் நிலையத்தில் புகார் கொடுக்கும்போது இந்த எண்ணைச் சொல்லுங்கள். பொறுப்பு நம் பக்கமும் உண்டு: நம் நாயால் பிறருக்கு ஆபத்து வராதபடி பார்த்துக்கொள்ளத் தவறினால் அதே சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ, ஐயாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ வரலாம். தெருநாயைத் தத்தெடுக்க விரும்புகிறவர் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22 அன்று சொன்னது. அந்த நாய் மறுபடி தெருவுக்கு வராமல் பார்ப்பது தத்தெடுத்தவரின் கடமை என்றும் சேர்த்தே சொன்னது. வாடகை வீட்டுக்காரர்கள் வீட்டு உரிமையாளரின் சம்மதத்தை முன்பே ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

"குட்டி இலவசம், வண்டிச் செலவு மட்டும் அனுப்புங்க" என்று கைபேசியில் யாராவது சொன்னால் பணம் போடாதீர்கள். போட்டுவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். தாமதிக்கிற ஒவ்வொரு மணி நேரத்திலும் பணம் கைமாறிப் போகும். விலைக்கு விற்பவராக இருந்தாலும் எட்டு வாரம் நிறையாத நாய்க்குட்டியை விற்க விதி இடம் தருவதில்லை. பச்சைக்கிளியையும் நட்சத்திர ஆமையையும் யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அவற்றை வீட்டில் வைத்திருப்பதே குற்றம்.

தத்தெடுத்த நாயே ஆனாலும், கீறினாலோ கடித்தாலோ சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வைக்க வேண்டாம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்கள், ஊசிக்குக் காசில்லை. தோலில் போடும் முறையில் முதல் நாள் ஊசிக்குப் பிறகு 3, 7, 28-ஆம் நாட்களிலும் போட வேண்டும். ரத்தம் வந்த காயத்துக்கு இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தும் வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள். காயம் ஆறிவிட்டது, தறியில் வேலை கிடக்கிறது என்று 28-ஆம் நாள் ஊசியை விட்டுவிடாதீர்கள்.