ஹலால் முத்திரையைத் தேடும் கண், கோதுமையையும் தேடட்டும்

கற்பிட்டிப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போய் "எனக்குக் கோதுமை மா ஆகாது" என்றால் முதலில் வரும் கேள்வி, "சீனி வருத்தமா?" என்பதுதான். சீனி வருத்தம் அல்ல, எனக்கு இருப்பது சீலியக் நோய். இந்தப் பெயரை எங்கள் பகுதியில் கேள்விப்பட்டவர்கள் மிகக் குறைவு.

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. ரொட்டி மா இழுபடுவது அதனால்தான். சீலியக் உள்ளவரின் வயிற்றுக்குள் அது போனதும், கிருமியை எதிர்க்க வேண்டிய நோயெதிர்ப்புச் சக்தி சொந்தச் சிறுகுடலையே தாக்குகிறது. சத்தை உறிஞ்சும் சடைமுளைகள் தேய்ந்து தட்டையாகிவிடுகின்றன. உலகில் ஏறத்தாழ 100 பேரில் ஒருவருக்கு இது இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். அவர்களில் பெரும்பாலானோருக்கு அது தெரியாது. பரம்பரைத் தொடர்பும் உண்டு. நோயாளியின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோரில் சுமார் 10 பேருக்கு ஒருவர் என்ற அளவில் வரலாம்.

வயிற்றோட்டமும் வயிறு ஊதுவதும் மட்டும் இதன் அடையாளங்கள் அல்ல. வயதுக்கேற்ப வளராத பிள்ளை, திரும்பத் திரும்ப வரும் வாய்ப்புண், காரணம் தெரியாத களைப்பு, தேயும் எலும்பு என்று பல வேடத்தில் வரும். எனக்கு வந்தது இரத்தச்சோகை. நான்கு வருடம் இரும்புச்சத்து மாத்திரை விழுங்கினேன். குடல் உறிஞ்சாவிட்டால் மாத்திரை என்ன செய்யும்? கடைசியில் ஒரு வைத்தியர் இரத்தத்தில் டிடிஜி என்ற எதிர்ப்பொருளைப் பரிசோதிக்கச் சொன்னார். பிறகு குழாய் விட்டுக் குடலில் சிறு துண்டு எடுத்துப் பார்த்து உறுதிப்படுத்தினார்கள். ஒன்றைக் கவனியுங்கள்: சந்தேகம் வந்தவுடன் பாணை நிறுத்திவிட்டுப் பரிசோதனைக்குப் போகக் கூடாது. கோதுமை சாப்பிடும் காலத்தில் செய்தால்தான் சரியான முடிவு வரும்.

இதற்கு மருந்தும் இல்லை, மாத்திரையும் இல்லை. 1944-45 பஞ்சத்தில் நெதர்லாந்தில் பாண் கிடைக்காமல் போனபோது, நோயுற்றிருந்த சிறுவர்கள் தேறினார்கள். பாண் திரும்பி வந்ததும் மீண்டும் விழுந்தார்கள். வில்லெம் டிக்கே என்ற குழந்தை வைத்தியர் அதற்கு முன்பே கோதுமையைச் சந்தேகித்து வந்தவர். அவருடைய ஆய்வுதான் வழியைக் காட்டியது. அன்றிலிருந்து இன்றுவரை சிகிச்சை ஒன்றே: வாழ்நாள் முழுக்கக் குளூட்டன் இல்லாத சாப்பாடு.

சோறும் மீனும் தேங்காயும் உள்ள கரையில் இது இலேசு என்று நினைப்பீர்கள். எங்கள் நாட்டில் கோதுமை விளைவதும் இல்லை. ஆனால் 1980 இல் திருகோணமலை ஆலை மா அரைக்கத் தொடங்கிய பின் அது புகாத சமையலறை ஏது? காலையில் பாண், இரவில் கொத்து, நோன்பு திறக்க சமோசாவும் ரோல்ஸும். கடை இடியப்பத்திலும் புட்டிலும்கூடக் கோதுமை மா கலக்கிறார்கள். சோயா சோஸ், மோல்ட் பானம், பெருங்காயம் என்று மறைந்தும் வரும். நோன்புக் கஞ்சி அரிசிதான், அல்ஹம்துலில்லாஹ். கல்யாண வீட்டு சஹன்தான் எனக்குப் பெரிய சோதனை. ரோல்ஸ் பிய்த்த கை அதே தட்டுக்கு வரும்போது சோறு எனக்கு உதவாது. தனித் தட்டு கேட்டால் பெருமை பிடித்தவன் என்கிறார்கள்.

ஆகவே எனக்கு உண்மையான மருந்தகம் சில்லறைக் கடைதான், சீட்டு பக்கெட்டின் பின்பக்கத்து எழுத்து. அதை எழுத வைப்பது அரசாங்கத்தின் வேலை. பக்கெட்டைச் சட்டத்தால் மாற்ற முடியும் என்பதைப் புத்தளத்து உப்பு வாய்க்கால்களைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. 1995 இல் சாப்பாட்டு உப்பில் அயடீன் கட்டாயமானது அப்படித்தான். சர்வதேச உணவுத் தர நூலான கோடெக்ஸ், ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இல்லாததைத்தான் "குளூட்டன் இல்லாதது" என்று சொல்ல அனுமதிக்கிறது. இந்தியாவும் அதே அளவை ஏற்றிருக்கிறது. இத்தாலி சீலியக் நோயாளிகளின் உணவுக்கு மாதாந்த உதவி கொடுக்கிறது. 2023 இல் பிள்ளைகளைப் பரிசோதிக்கவும் தனிச் சட்டம் இயற்றியது.

எங்கள் அரசிடம் மாதாந்த உதவி கேட்கும் நிலைமையில் நாடு இல்லை. நான் கேட்பது இரண்டு. கோதுமை, பார்லி கலந்த ஒவ்வொரு பக்கெட்டிலும் அது தமிழிலும் சிங்களத்திலும் வாசிக்கக்கூடிய எழுத்தில் இருக்க வேண்டும். கிளினிக்கில் இரும்புச்சத்துக் கொடுத்தும் இரத்தம் ஏறாதவர்களுக்கும், வளராத பிள்ளைகளுக்கும் டிடிஜி பரிசோதனை அரச செலவில் கிடைக்க வேண்டும்.

முதலாவதை நாங்களே கடையில் கேட்கத் தொடங்கலாம். ஹலால் முத்திரைக்காக 2013 இல் பட்டதை மறந்தவர் இல்லை. பக்கெட்டைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் இந்தச் சமூகத்துக்கு ஏற்கனவே இருக்கிறது. ஆனால் ஹலால் முத்திரை உள்ளே கோதுமை இல்லை என்று சொல்லாது. அதற்குக் கீழே உள்ள சிறிய எழுத்தையும் வாசிக்க வேண்டும்.