எரியும் பாதங்கள்: காசநோய் மாத்திரையும் கேட்கப்படாத கேள்வியும்

காசநோய்க்கு மருந்துண்ணத் தொடங்கிய சில வாரங்களிலோ மாதங்களிலோ, சிலருக்குப் பாதங்கள் எரியத் தொடங்குகின்றன. முதலில் விரல் நுனிகளில் ஊசி குத்துவது போன்ற உணர்வு எழுகிறது. பிறகு உள்ளங்காலில் மதமதப்பு வருகிறது. இரவில் போர்வை பட்டாலும் வலிக்கிறது. இருமல் குறைந்து உடல் தேறிவரும் காலம் ஆகையால், 'நோயின் பலவீனம், போகப் போகச் சரியாகிவிடும்' என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கிறது. சரியாகாதபோது நோயாளி தானே ஒரு முடிவுக்கு வருகிறார்: மாத்திரையை நிறுத்துகிறார். நிறுத்தியவரின் நுரையீரலில் மருந்துக்குக் கட்டுப்படாத கிருமி உருவாகக் கூடும். அப்போது 'மருந்தை ஒழுங்காகச் சாப்பிடாதவர்' என்ற பழி அவர்மேல் விழுகிறது. கால் எரிச்சலைப் பற்றி அவரிடம் யாரேனும் கேட்டார்களா என்பது எந்தப் பதிவேட்டிலும் இருப்பதில்லை.

மூளையையும் தண்டுவடத்தையும் உடலின் பிற பகுதிகளோடு இணைப்பவை புற நரம்புகள். இவற்றுள் மிக நீளமானவை பாதத்துக்குச் செல்பவை. ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம் கொண்டவை. இழையின் நுனிக்கு வேண்டிய ஊட்டம் முதுகெலும்பை ஒட்டியுள்ள உயிரணுவிலிருந்தே சென்று சேர வேண்டும். ஆகவே ஊட்டம் குன்றும்போதும் நஞ்சு சேரும்போதும் முதலில் கெடுவது நெடுந்தொலைவில் உள்ள நுனிதான். இரு பாதங்களிலும் ஒரே அளவில் தொடங்கி எரிச்சல் மேலேறுவதன் காரணம் இதுவே.

காசநோய் மருந்துகளுள் இதற்கு முதற்காரணம் ஐசோனியாசிட். 1952 முதல் பயன்பாட்டில் உள்ள இம்மருந்து மலிவானது, ஆற்றல் மிக்கது. இன்றும் அதற்கு மாற்று இல்லை. ஆனால் அது உடலிலுள்ள வைட்டமின் பி6-ஐ, அதாவது பைரிடாக்சினைப் பற்றிக்கொண்டு சிறுநீரில் வெளியேறச் செய்கிறது. எஞ்சியதும் செயல்படும் வடிவத்துக்கு மாறவிடாமல் தடுக்கிறது. அமெரிக்காவில் பீல், வில்டர் ஆகியோர் 1954-இல் இத்தொடர்பை வெளியிட்டனர். அதன் பின்னர் மிக முக்கியமான ஆய்வுகள் நடந்த இடம் சென்னை.

1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை இணைந்து சேத்துப்பட்டில் காசநோய் மருந்தாய்வு மையத்தைத் தொடங்கின. இன்று அது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். நோயாளியைத் தாம்பரம் போன்ற சானடோரியத்தில் வைத்து நல்ல உணவும் ஓய்வும் காற்றும் கொடுத்தால்தான் குணமாகும் என்பது அக்கால நம்பிக்கை. டாக்டர் டேவிட் சௌரி முத்து 1928-இல் தாம்பரத்தில் தொடங்கிய சானடோரியம் அந்த நம்பிக்கையின் விளைவே. 1937-இல் அது அரசிடம் வந்தது. நெரிசலான குடிசைகளில், குறைந்த உணவோடு, வீட்டிலிருந்தே மருந்துண்டவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஏறத்தாழ ஈடாகக் குணமடைந்தனர் என்று சேத்துப்பட்டு மையம் 1959-இல் நிறுவியது. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட அது ஒரு காரணமாயிற்று. அந்த முடிவை ஈன்றவர்கள் சென்னையின் ஏழை நோயாளிகள்.

அடுத்த ஆய்வுகளில் அதே மையம் ஐசோனியாசிட்டைப் பல அளவுகளில் கொடுத்துப் பார்த்தது. அளவு கூடியபோது கால் நரம்புகள் கெட்டன. எல்லோருக்கும் அல்ல, மருந்தை மெதுவாகச் சிதைக்கும் உடல்வாகு உள்ளோரையே அது அதிகம் தாக்கியது. பிறவியிலேயே அமையும் இத்தன்மை தென்னிந்தியரில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு உண்டு. தேவதத்தாவும் அவருடைய சக ஆய்வாளர்களும் இதை 1960-இல் வெளியிட்டனர். எந்த வைட்டமின் உதவுகிறது, எவ்வளவு போதும் என்று ஆராய்ந்த இரு கட்டுரைகள் 1963-இல் வந்தன. நோய் வருமுன் தடுக்க மிகச் சிறிய அளவு பைரிடாக்சினே போதும் என்பது அவற்றால் தெளிவாயிற்று. ஆறு பத்தாண்டுகள் கடந்துவிட்டன. ஓர் ஊரின் ஏழைகள் தம் பாதங்களின் எரிச்சலால் உலகுக்குத் தந்த அறிவு, அதே ஊரின் ஏழைகளுக்குத் தவறாமல் கிடைக்கிறதா என்று கேட்பது மிகையான கேள்வி அல்ல.

இன்று தரப்படும் அளவு அந்த ஆய்வுகளின் உயர்ந்த அளவைவிடக் குறைவு. நல்ல உணவு உண்பவருக்கு ஆபத்தும் குறைவு. இங்குதான் சாதியும் வர்க்கமும் நரம்புக்குள் நுழைகின்றன. ஊட்டக்குறைவு, மது, நீரிழிவு, எச்.ஐ.வி., சிறுநீரகக் கோளாறு உள்ளோர், கருவுற்றோர், பாலூட்டும் தாய்மார் ஆகியோருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 10 மில்லிகிராம் பைரிடாக்சின் தர வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் குடியிருப்புகளின் ஒரு மாடிப்படியில் ஏறிப் பாருங்கள். நகரத்தின் ஆற்றங்கரைகளிலிருந்து பெயர்க்கப்பட்டு, பெரும்பான்மையும் தலித் மக்கள் வாழும் அவ்விடங்களில், பட்டியலுக்கு வெளியே நிற்பவர் எத்தனை பேர்? தீட்டிய ரேஷன் அரிசியில் பி6 பெரும்பகுதி தவிட்டோடு போய்விடுகிறது. மாட்டிறைச்சி, ஈரல், மீன், கொண்டைக்கடலை, வாழைப்பழம் ஆகியவற்றில் அது உண்டு. இவற்றுள் முதலாவதை உண்போர் இந்நாட்டில் எவ்வாறு நடத்தப்படுகிறார்கள் என்பது இத்தளத்தின் வாசகர்களுக்குப் புதிதல்ல.

மதுவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சாக்கடையின் நாற்றத்தோடு வேலை செய்யும் தூய்மைப் பணியாளர் குடிக்கிறார் என்பதைக் குற்றமாகக் காணும் கண், அவருக்கே பைரிடாக்சின் மிகவும் தேவை என்பதைக் காண மறந்துவிடுகிறது. 'குடிதான் காரணம்' என்பது நோய்க்காரணத்தின் ஒரு பகுதியாக இருக்கலாம். மருத்துவம் மறுப்பதற்கான காரணம் ஆகாது. நீரிழிவும் அவ்வாறே. அரசியலமைப்பு வரைவை முடித்த நாட்களில் அம்பேத்கர் நீரிழிவாலும் கால்களின் நரம்பு வலியாலும் உறக்கமின்றித் துன்புற்றார் என்பதை இங்கே நினைவுகூரலாம்.

தாம்பரத்துக்கு இதில் இன்னொரு வரலாறும் உண்டு. 2004 ஏப்ரல் 1 அன்று நாட்டில் இலவச எச்.ஐ.வி. கூட்டு மருந்து தொடங்கப்பட்ட எட்டு அரசு மருத்துவமனைகளுள் தாம்பரமும் ஒன்று. அக்கால முதல்வரிசை மருந்துகளுள் ஒன்றான ஸ்டாவுடின் தானே புற நரம்புகளைக் கெடுப்பது. எச்.ஐ.வி.யோடு காசநோயும் கொண்டவர்கள் இரு மருந்துகளின் தாக்குதலையும் ஒருசேரத் தாங்க வேண்டியிருந்தது. செல்வ நாடுகள் கைவிட்டுக்கொண்டிருந்த ஸ்டாவுடினை விட்டு விலகுமாறு உலக சுகாதார நிறுவனம் 2009-இல்தான் அறிவுறுத்தியது. மலிவான மருந்து உயிரைக் காத்தது உண்மை. அதன் விலையின் ஒரு பகுதியைக் கால்கள் கட்டின என்பதும் உண்மை.

நோயறிதல் கடினமானதன்று. கண்ணை மூடச் சொல்லி, 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட வேண்டும். அதிரும் இசைக்கவையைப் பெருவிரல் எலும்பில் வைக்க வேண்டும். குதிகால் நாணைத் தட்டிப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் போதும். நரம்புக் கடத்தல் சோதனை பெரிய இழைகளை மட்டுமே அளப்பதால், சிறிய இழைகள் கெட்டு எரிச்சல் வாட்டும்போதும் அதன் முடிவு இயல்பாக வரலாம். 'சோதனையில் ஒன்றுமில்லை' என்பது வலி பொய் என்று ஆகாது. தொழுநோயையும் விலக்கிப் பார்க்க வேண்டும்: உணர்ச்சியற்ற தேமல், முழங்கையிலோ முழங்காலின் பக்கவாட்டிலோ தடித்த நரம்பு, ஒரு பக்கம் மட்டும் மரத்துப்போதல் ஆகியவை அதன் அடையாளங்கள். அதற்கெனச் செங்கல்பட்டை அடுத்த திருமணியில் மத்திய தொழுநோய் பயிற்சி ஆய்வு நிறுவனமே இருக்கிறது.

தொடக்கத்தில் கண்டால், தடுப்பு அளவைப்போல் பல மடங்கு பைரிடாக்சின் தந்து பெரும்பாலும் மீட்டுவிடலாம். காசநோய் மருந்தை நோயாளி தானாக நிறுத்தக் கூடாது. கடையில் தாமே வாங்கி அளவின்றி உண்பதும் தவறு. நாளொன்றுக்குக் கிராம் கணக்கில் பைரிடாக்சின் உண்டவர்களுக்கு அதே நரம்புக் கேடு வந்ததை 1983-இல் அமெரிக்க மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர்.

மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயில் சிக்கல் வேறு. புதிய குறுகிய சிகிச்சைகளில் இடம்பெறும் லினசோலிட் நரம்பைக் கெடுப்பதைப் பைரிடாக்சின் தடுப்பதாகச் சான்று இல்லை. தென்னாப்பிரிக்காவில் 109 பேரிடம் நடந்த நிக்ஸ்-டிபி ஆய்வில், நாளொன்றுக்கு 1200 மில்லிகிராம் லினசோலிட் உண்டோரில் 81 விழுக்காட்டினருக்குப் புற நரம்புக் கோளாறு வந்தது. 2022-இல் வெளியான செனிக்ஸ் ஆய்வில், 26 வாரங்களுக்கு 1200 மில்லிகிராம் உண்டோரில் 38 விழுக்காட்டினருக்கும், 600 மில்லிகிராம் உண்டோரில் 24 விழுக்காட்டினருக்கும் அது வந்தது. சிகிச்சையின் வெற்றியோ முறையே 93, 91 விழுக்காடு. இந்தியாவில் இச்சிகிச்சைக்கு 2024-இல் ஒப்புதல் கிடைத்துள்ளது. இதில் மருந்தின் அளவை உரிய நேரத்தில் குறைப்பதற்கான ஒரே வழி, ஒவ்வொரு மாதமும் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பது. தொடத் தயங்கும் கைகள் நிறைந்த சமூகத்தில் அந்த ஐந்து நிமிடத்தையும் நோயாளியின் சிகிச்சை அட்டையில் எழுதப்பட்ட கடமையாக்க வேண்டும். மருந்தால் வந்த பாதிப்பை நோயாளியே பதிவு செய்ய 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. களப்பணியாளர்களும் மாணவர்களும் குடியிருப்புகளுக்குச் செல்லும்போது, 'மாத்திரை சாப்பிட்டீர்களா?' என்பதோடு 'கால் எரிகிறதா?' என்றும் கேட்டுக் குறித்துவரலாம்.