தொடு உணர்வின் தடங்கள் – 9: ஒரு துணுக்கில் 2.7 மீட்டர் இழை

எலியின் மீசைமயிர் ஒவ்வொன்றுக்கும் அதன் மூளைப் புறணியின் நான்காம் அடுக்கில் பீப்பாய் வடிவில் தனியே ஒரு நரம்பணுக் கொத்து உண்டு என்பதும், அதை 1970-இல் வூல்சியும் வான் டெர் லூஸும் விளக்கினர் என்பதும் முந்தைய இதழ்களில் கண்டவை. மீண்டும் விரிக்க இடமில்லை. விடுபட்டுப்போன ஒன்றை மட்டும் சேர்த்துவிடலாம்: அவர்களுக்கு வெகுகாலம் முன்பே, 1922-இல், நரம்பணு ஆய்வின் முன்னோடி ரமோன் இ காஹாலின் மாணவரான லொரெந்தே தெ நோ இதே பகுதியை நுணுக்கமாக வரைந்து வெளியிட்டார், ஆனால் மீசைக்குரிய அந்தப் புறணியை அவர் செவிக்குரியது என்று கருதிவிட்டார்.

மீசை அசையும்போது எழும் செய்தி, புலன்செய்திகளைப் புறணிக்குக் கடத்தும் தலாமஸ் என்ற உட்பகுதியின் வழியாகவே நான்காம் அடுக்கை அடைகிறது. எனினும் அங்குள்ள ஒரு நரம்பணு பெறும் கிளர்த்தும் இணைப்புகளுள் தலாமஸிலிருந்து வருபவை ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான்; எஞ்சியவற்றில் பெரும்பாலானவை புறணியின் பிற நரம்பணுக்களிலிருந்தே வருகின்றன. இத்தனை சிறுபான்மைக் குரல் எப்படி எடுபடுகிறது என்ற கேள்விக்கு புரூனோவும், 1991-இல் நோபல் பரிசு பெற்ற சாக்மனும் 2006-இல் விடை கண்டனர்: ஒவ்வோர் இணைப்பும் வலுவற்றதாயினும், பல தலாமஸ் அணுக்கள் ஒரே நொடித்துளியில் சேர்ந்து துடிப்பதால் புறணி தூண்டப்படுகிறது.

இந்த வாரம், பிற அணுக்களின் துடிப்பை அடக்கும் தடுப்பு நரம்பணுக்களைப் பற்றி எழுதுவதாக இருந்தது. ஆனால் பிராங்க்ஃபர்ட்டில் ஹெல்ம்ஷ்டேட்டர் குழுவினர் 2019-இல் வெளியிட்ட ஆய்வைத் தொட்டபின் அதைவிட்டு எளிதில் நகர முடியவில்லை. அவர்கள் எலியின் தொடு உணர்வுப் புறணியிலிருந்து, எந்தப் பக்கமும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாத துணுக்கு ஒன்றை எடுத்து, எலக்ட்ரான் நுண்ணோக்கியின் கூண்டுக்குள்ளேயே அதன் மேற்பரப்பைப் படமெடுப்பதும், வைரக் கத்தியால் 28 நானோமீட்டர் அளவு சீவி எறிவதும், புதிதாக வெளிப்பட்ட பரப்பை மறுபடி படமெடுப்பதுமாக ஆயிரக்கணக்கான முறை செய்து, பின்னர் அப்படங்களினூடே ஒவ்வோர் இழையையும் பின்தொடர்ந்தனர். அத்துணுக்கில் நரம்பணு உடல்கள் 89 மட்டுமே. ஆனால் அதற்குள் பின்னிக்கிடந்த இழைகளை நீட்டிவைத்தால் அவை ஏறத்தாழ 2.7 மீட்டர். இவற்றுள் பெரும்பகுதி துணுக்குக்கு வெளியே உடல்கொண்ட அணுக்களுக்குரியவை, வெறுமனே கடந்துசெல்பவை என்பது வியப்பைக் கூட்டுகிறதேயன்றிக் குறைக்கவில்லை.

நீளத்தைவிட முக்கியமானது அதிலிருந்து கிடைத்த முடிவு. செய்தியை வெளியே கொண்டுசெல்லும் ஆக்ஸான் இழையும், செய்தியை ஏற்கும் டென்ட்ரைட் கிளையும் நெருங்கிச் சென்றால் அங்கே இணைப்பு உண்டாகும் என்ற பழைய ஊகத்தைக் கொண்டு இணைப்புகளை முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. எதிரெதிர் வாசலில் குடியிருந்தும் பேச்சுவார்த்தை இல்லாத குடும்பங்களைப் போலப் பல இழைகள் உரசிச் சென்றும் சேர்வதில்லை. அப்படியானால் சேர்பவற்றைத் தீர்மானிப்பது எது? ஒரு பகுதி விடை, ஒரே ஆக்ஸான் ஒரே டென்ட்ரைட்டுடன் இரு இடங்களில் இணைந்திருந்த நேர்வுகளில் கிடைத்தது: அவ்விரு இணைப்புகளின் பருமன், தற்செயலாக அமைந்திருந்தால் எதிர்பார்க்கக்கூடியதைவிட அதிகமாக ஒத்திருந்தது. சேர்ந்து துடிக்கும் அணுக்களுக்கிடையே இணைப்பு வலுப்பெறும் என்று உளவியலாளர் ஹெப் 1949-இல் முன்வைத்த கருத்தின்படி, ஒரே அனுபவம் இரு இணைப்புகளையும் ஒருசேர வளர்த்திருந்தால் இத்தகைய ஒற்றுமைதான் எஞ்சும். இதைக் கற்றலின் நேரடிச் சான்று என்று கொண்டாடுவது மிகை. கற்றலோடு பொருந்தும் தடயம் என்பதே சரி.

இந்த வாரம் ஒத்திவைத்த தடுப்பு நரம்பணுக்களோ, எண்ணிக்கையில் சிறுபான்மையாயினும், தலாமஸின் அதே செய்தியைத் தாமும் நேரடியாகப் பெற்று, கிளர்ச்சி தொடங்கிய ஓரிரு மில்லிநொடிகளிலேயே அதை அடக்கத் தொடங்குகின்றன. அந்தக் குறுகிய இடைவெளி எதற்கு என்பது அடுத்த இதழில்.