கழறிற்றறிவார் முடிசூடியது

கொல்லிமலை சைவர்க்கு இருவகையால் உரியது. அதன்மேல் உள்ள அறப்பள்ளி, தனிப்பதிகம் பெறாது தேவாரத்துட் பெயர் சுட்டப்பெற்ற வைப்புத்தலங்களுள் ஒன்று. மற்றும், திருமுடிக்காரி வல்வில் ஓரியைக் கொன்று அம்மலையைச் சேரர்க்கு ஈந்தான் என அகநானூறு கூறுதலின், அது சேரர் மலையுமாம். ஒரு மலையின் பொருட்டு இத்துணைப் போர் நிகழ்ந்த குடியிலே, நாடு முழுதும் தாமே வந்து அழைக்கவும் அதனை இடையூறென்று அஞ்சினார் ஒருவர் தோன்றினார். அவரே கழறிற்றறிவார் எனப்படும் சேரமான் பெருமாள் நாயனார்.

பெருமாக்கோதையார் என்பது அவர் இயற்பெயர். அவர் அரசியலை விரும்பாது, திருவஞ்சைக்களத்தில் நந்தவனப் பணியும் திருவலகும் திருமெழுக்கும் செய்து வாழ்ந்தனர். செங்கோற்பொறையன் அரசு துறந்து தவத்திற்குச் சென்றபின், அமைச்சர் இவரை அடைந்து முடிசூட வேண்டினர். இன்பம் பெருகும் தொண்டிற்கு இஃது இடையூறென அவர் எண்ணினார். எண்ணியும் மறுத்திலர், உடன்பட்டதும் இலர். அன்புநிலை வழுவாது அரசு புரிய அருள் உண்டோ என்று அறியத் திருமுன்பு சென்று விண்ணப்பித்தார். அருள் பெற்ற பின்னரே முடி சூடினார்.

திருக்கோயிற்றொண்டே இறைபணியாயிருக்க, அதனினும் தாழ்ந்த அரசினை ஏற்றல் தகுமோ எனின், தகும் என்க. சிவஞானபோதம் பத்தாஞ் சூத்திரம் உணர்த்துவது ஏகனாகி இறைபணி நிற்றலை. இன்ன பணி எனக்கு இனிது, இன்னது இன்னாது என்று தெரிந்து கொள்வான் உளனாயின், ஆண்டு யான் என்னும் முனைப்பு இன்னும் அற்றிலது. பூக்கொய்தல் இனிது, வழக்குக் கேட்டலும் திறை கொள்ளலும் அத்துணை இனியவல்ல. நற்பணியாயினும் தன் விருப்பம் பற்றியே அதனை விடாது பிடித்தல் பற்றேயாம்.

ஆயின் அமைச்சர் சொல்லெல்லாம் இறைவன் அழைப்பாமோ? ஆகாது. பதவி வந்தவுடன் திருவருள் என்று கூறி ஏற்பார் பலர். ஆசையுடையார்க்கு அது மிக எளிது. ஆசை இல்லாதவரே கேட்டறிந்து ஏற்றார் என்பது கருதற்பாலது. அன்று இறைவன் அவர்க்கு அளித்தவற்றுள் ஒன்று, யாரும் யாவும் கழறுவதை அறியும் உணர்வு. முறை வேண்டினார் குறையை உணர்தற்கு அரசனுக்கு அதனினும் வேண்டுவது யாது? பணியை இட்டவனே அதற்குரிய கருவியையும் அளித்தனன்.

அவர் அவ்வரசினை மீண்டும் ஒருமுறை ஏற்க நேர்ந்தது. ஆலவாய் இறைவன் அருளிய திருமுகத்தைப் பாணபத்திரர் கொணர்ந்தபோது, தம் பண்டாரம் முழுதும் எடுத்து வைத்து, அரசினையும் உடன் கொடுத்தார். பாணரோ தமக்கு வேண்டுவன கொண்டு, அரசினைக் கைக்கொள்ளுதல் நுமக்கு இறைவர் ஆணை என்றனர். ஆணை மறுத்தற்கு அஞ்சி நாயனார் இசைந்தார் என்பர் சேக்கிழார். விடுதற்கு எளிதாயிருந்ததனை விடாது சுமந்தமை முன்னையதினும் அரிது போலும்.

இங்ஙனம் கேளாது ஒன்றும் செய்யாதவர், அழையாமலே சென்ற இடமும் ஒன்று உண்டு. வெள்ளானைமீது கயிலைக்கு எழுந்த நம்பியாரூரரைக் கண்டு, தம் குதிரையின் செவியில் ஐந்தெழுத்தை ஓதி, வான்வழியே யானைக்கு முன் சென்றார். வாயிலில் தடையுண்டு நின்றார். ஆரூரர் விண்ணப்பத்தால் உள்ளே வந்தவரை, நாம் அழையாதிருக்க நீ வந்தது என்னை என்று இறைவன் முறுவலித்து வினவினன். ஆரூரர் கழலைப் போற்றி யானையின் முன் சேவித்து வந்தேன். நின் கருணை வெள்ளம் திருமுன்பு கொணர்ந்து விட்டது என்று கூறி, நாயனார் திருவுலாப்புறம் கேட்டருள வேண்டினர். சொல்லுக என்றனன் இறைவன். அவ்வுலா பதினோராந் திருமுறையுள் திருக்கயிலாய ஞானவுலா என வழங்குகின்றது.