நிரல்மொழியில் அடுத்த விதியை அழைத்தல்: ஆகார ஈற்றுப் புணர்ச்சி வழி ஒரு விளக்கம்

1. முன்னுரை

மொழித்தரவுகளைப் புள்ளியியல் நெறியில் ஆராய்வோர் பெரிதும் கையாளும் நிரல்மொழி 'ஆர்' ஆகும். அதன் கையேடுகளை மொழிபெயர்ப்போர்க்கு இடர்ப்பாடு தருவது, ஒரு 'மெத்தட்' மற்றொன்றை அழைக்கும் முறை. இதனைத் தொல்காப்பிய நெறி கொண்டு விளக்கி, ஏற்ற கலைச்சொல்லைப் பரிந்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும். மெத்தட் என்பது இங்கு 'விதி' எனப்படும்.

2. அழைப்பு முறை

பெல் ஆய்வுக்கூடத்தில் ஜான் சேம்பர்சும் உடன்பணியாற்றியோரும் 1976இல் தொடங்கிய 'எஸ்' மொழியே ஆரின் முன்னோடி. ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்காவும் ராபர்ட் ஜென்டில்மனும் உருவாக்கிய ஆரின் 1.0.0 பதிப்பு 2000இல் வெளிவந்தது.

ஜாவா போன்ற மொழிகளில் விதி, பொருளின் வகுப்புக்கு உரியது. ஆரின் 'எஸ்3' முறையிலோ அது பொதுவினைக்கு உரியது. பொதுவினை அழைக்கப்பட்டதும் பொருளின் வகுப்புப் பட்டியல் முதலிலிருந்து நோக்கப்படும். முதலில் கிடைக்கும் விதி இயங்கும். எவ்வகுப்புக்கும் விதி இல்லையெனில் இயல்பு விதி இயங்கும். இயங்கும் விதி 'நெக்ஸ்ட்மெத்தட்' என அழைப்பின், பட்டியலில் அடுத்து நிற்கும் விதி தொழிற்படும். அழையாவிடின் செயல் அவ்விதியோடு முடியும்.

3. இலக்கண ஒப்புமை

தொல்காப்பிய உயிர் மயங்கியல் இவ்வமைப்பைத் தெளிவாகக் காட்டுகின்றது. அகர ஈற்றுப் பெயர்முன் வல்லெழுத்து வரின் ஒற்று மிகும் (விளக்குறிது). ஆகார ஈற்றுக்கு இவ்விதி மீண்டும் கூறப்படவில்லை. அது அகர ஈற்றின் இயல்பினது என மாட்டெறியப்படுகின்றது (தாராக்குறிது). வேற்றுமையில், குறிலை அடுத்த ஆகாரம் ஓர் அகரம் பெறும். ஒற்று மிகுதலும் நிகழும் (பலாஅக்கோடு). இங்குச் சிறப்பு விதி அகரத்தை மட்டும் சேர்த்து, எஞ்சியதை அடுத்த விதியிடம் விடுகின்றது. இதுவே நெக்ஸ்ட்மெத்தட் செய்யும் பணி.

ஒப்புமைக்கு எல்லையும் உண்டு. 'இரா' என்னும் சொல் அகரம் பெறாது. எனினும் ஒற்று மிகும் (இராக்காக்கை). அதாவது, இடைநின்ற விதியைத் தாண்டிப் பொது விதியை அடைகின்றது. நெக்ஸ்ட்மெத்தட் இவ்வாறு தாண்டாது. ஆதலின் நிரலில் 'இரா'வைக் குறிலடுத்த ஆகார வகுப்பில் சேர்க்காமல், நேரே ஆகார வகுப்பின்கீழ் அமைத்தல் வேண்டும். பொது விதியைப் பெயர் சுட்டி அழைத்தலும் இயலும்; ஆயின் பின்னர் இடையே புதிய வகுப்பு ஒன்று சேர்க்கப்படின், அதன் விதி விடுபட்டுப் போகும்.

4. கள ஆய்வில் இதன் இன்றியமையாமை

1956இல் மாநில எல்லை வகுக்கப்பட்டபோது விளவங்கோடு சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கோட்டுகால், பாறசாலை முதலிய ஊர்களில் ஒருவர் சொற்கள் திரட்டுவதாகக் கொள்வோம். அவர்தம் தரவுக்கு 'எல்லைப்பதிவு', 'சொற்பதிவு' என இரு வகுப்புகள் முறையே அமைகின்றன. தொகுத்துரைக்கும் பொதுவினையில் சொற்பதிவின் விதி விடையற்ற வினாக்களை எண்ணிக் காட்டுகின்றது. எல்லைப்பதிவின் விதி தமிழ், மலையாள வடிவங்களைப் பிரித்துக் காட்டுகின்றது. பின்னது அடுத்த விதியை அழைக்க மறந்தால் விடையின்மைக் கணக்கு மறைந்துவிடும். பிழைச்செய்தி எதுவும் தோன்றாது. ஓர் ஊரில் ஒரு சொல் வழக்கில் இல்லை என்பதும், அது வினவப்பட்டும் விடை கிடைக்கவில்லை என்பதும் வேறுபாடின்றி மயங்கும். வழக்கெல்லை வரைவோர்க்கு இம்மயக்கம் பெருந்தீங்காகும்.

5. முடிவுரை

வகுப்புகளிடையே உள்ள இவ்வுறவை 'மரபுரிமை' என மொழிபெயர்ப்பது பிறப்புத் தொடர்பை உணர்த்துகின்றது. ஆகாரம் அகரத்தினின்று பிறந்ததன்று. அதனைப் போல் நடக்கும் என விதிக்கப்பட்டதே. எஸ்3 முறையிலும் வகுப்பு என்பது பொருளோடு இணைத்த பெயர்ப்பட்டியலே. ஆகவே அம்முறையைப் பொறுத்தவரை இவ்வுறவை 'மாட்டேறு' என்றும், நெக்ஸ்ட்மெத்தட்டை 'அடுத்த விதி அழைப்பு' என்றும் வழங்குதல் பொருத்தமுடையதாகும்.