உங்களுக்குத் தெரியுமா? பெட்டியோடு வந்த ரிவால்வர்கள்

● 19ஆம் நூற்றாண்டு ரிவால்வர் சேகரிப்பவர்கள் துப்பாக்கியைத் தொடுமுன் பெட்டியைத்தான் துருவுவார்கள். வெடிமருந்துக் குடுவை, ஈயக்குண்டு வார்க்கும் அச்சு, கேப்பு டப்பா, திருகுளி, எண்ணெய்ப் புட்டி எல்லாம் அன்று விற்றபடியே இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருந்தால் விலை எகிறும்.

● உள்ளே தடுப்புப் பலகைகள் வைத்து அறை அறையாகப் பிரித்திருந்தால் அது ஆங்கிலேயப் பாணி. ஒவ்வொரு பொருளின் வடிவத்துக்கும் அளவெடுத்துக் குழி தோண்டியிருந்தால் பிரெஞ்சுப் பாணி.

● நூறு, நூற்றைம்பது ஆண்டு ஒரே இடத்தில் கிடந்த துப்பாக்கி, அடியிலுள்ள கம்பளித் துணியில் தன் தடத்தை அழுத்தி வைத்திருக்கும். குழல் முனை எங்கே, சிலிண்டர் எங்கே என்று விரலால் தடவியே சொல்லிவிடலாம். தடம் பொருந்தவில்லை என்றால் யாரோ பின்னாளில் ஜோடி சேர்த்த பெட்டி. தடமே இல்லாமல் துணி பளிச்சென்று இருந்தாலோ, இன்னும் உஷாராக வேண்டும்.

● 1851 மாடல் கோல்ட் நேவி ரிவால்வரின் சிலிண்டரைச் சுற்றி ஒரு கடற்போரே நடக்கிறது! டெக்சஸ் தனி நாடாக இருந்தபோது மெக்சிகோவுடன் மோதிய போர் அது. 1843 மே 16 என்ற தேதியும் பொறித்திருக்கும். படம் வரைந்தவர் வாட்டர்மேன் ஆர்ம்ஸ்பி. பேங்க் நோட்டுக்குத் தகடு செதுக்கியவர். எஃகு அச்சில் ஒருமுறை செதுக்கிக் கொடுத்துவிட்டார். ஆலையில் அதைச் சிலிண்டர்மேல் உருட்டி அழுத்தினார்கள். ஆகவே இந்தப் படம் இருப்பதாலேயே துப்பாக்கி அபூர்வமாகிவிடாது. குழலிலும் சட்டத்திலும் உளி பிடித்துக் கொடியும் இலையும் இழைத்த கைவேலைதான் அபூர்வம். அதில் பெரிய கை, ஜெர்மனியிலிருந்து வந்த குஸ்தாவ் யங்.

● கோல்ட் கம்பெனி முதலாளி சாமுவேல் கோல்ட் துப்பாக்கி செய்வதில் மட்டும் கெட்டிக்காரர் இல்லை, விற்பதிலும்தான். கிரிமியப் போர்க் காலத்தில் தங்கம் பதித்த ஜோடி ரிவால்வரில் ஒன்றைத் துருக்கி சுல்தானுக்கும், மற்றொன்றை அவருடைய எதிரி ரஷ்யச் சக்கரவர்த்தி முதலாம் நிக்கோலஸுக்கும் பரிசளித்தார். வரிசை எண்கள் 12406, 12407. முன்னது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில், பின்னது ரஷ்யாவின் ஹெர்மிட்டாஜில். இருவரிடமும் ஆர்டர் பிடிக்கத்தான் இந்த மரியாதை!

● புத்தக வடிவில்கூடப் பெட்டி செய்தார் மனிதர். அலமாரியில் சட்ட நூல் மாதிரி நிற்கும். முதுகில் ஆசிரியர் பெயர் 'கோல்ட்'. திறந்தால் உள்ளே ரிவால்வர்.

● 1847இல் வந்த கோல்ட்டின் வாக்கர் மாடல் மொத்தமே சுமார் 1,100. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2 கிலோ. பொதுமக்களுக்கு விற்றவற்றில் அசல் பெட்டியோடு கிடைத்திருப்பது, தெரிந்தவரை ஒன்றே ஒன்று. டென்மார்க் கப்பல் கேப்டன் ஒருவர் நியூயார்க்கில் வாங்கி ஊருக்கு எடுத்துப்போனது. 2018 ஏலத்தில் 18 லட்சத்து 40 ஆயிரம் டாலருக்குப் போனது.

● அமெரிக்க உள்நாட்டுப் போர்த் தளபதி, பின்னாளில் ஜனாதிபதி, யுலிஸஸ் கிராண்ட். அவருக்குப் பரிசாக வந்த ரெமிங்டன் ரிவால்வர் ஜோடி, உடல் முழுக்கச் செதுக்கு வேலை, தந்தக் கைப்பிடியில் அவர் முகம், கூடவே பெட்டி. 2022 ஏலத்தில் 51 லட்சம் டாலரைத் தாண்டியது. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு ஏலம் போன, ஷெரிப் பேட் காரெட்டின் கோல்ட்டில் அலங்காரம் கிடையாது, பெட்டியும் கிடையாது. விலை 60 லட்சம் டாலருக்கு மேல். கொள்ளைக்காரன் பில்லி தி கிட்டைச் சுட்டது அதுதான்!

● செதுக்கு வேலை அசலா போலியா என்று கம்பெனிப் பதிவேட்டைப் புரட்டலாமே? 1864 பிப்ரவரியில் ஹார்ட்ஃபோர்ட் கோல்ட் ஆலையில் பிடித்த தீயில் பழைய பதிவுகளில் பெரும்பகுதி போய்விட்டது. அதனால் பூதக்கண்ணாடிதான் துணை. ஆலையில் செதுக்கியிருந்தால் கோடுகளுக்குள்ளும் பழைய நீலப் பூச்சின் மிச்சம் இருக்கும். பிற்பாடு செதுக்கியதில் உளி அந்தப் பூச்சைக் கிழித்துக்கொண்டு போயிருக்கும். அதை மறைக்க மறுபடி பூச்சுப் போட்டிருந்தால், விவரம் தெரிந்தவர்கள் தொடவே மாட்டார்கள்.